கார் ஸ்டார்ட் ஆகலையா? இ20 பெட்ரோல் மேல பழி போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

இப்படி ஒரு காலையைக் கற்பனை செய்து பாருங்கள். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் ஒருவர், நீண்ட விடுமுறைக்கு வடக்கனந்தலில் இருக்கும் வீட்டுக்கு வந்திருக்கிறார். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை வரைக்கும் போய்வரலாம் என்று குடும்பமே கிளம்பி நிற்கிறது. அப்பாவின் பழைய பெட்ரோல் கார் மூன்று வாரமாக வேப்பமரத்தடியில் அப்படியே நிற்கிறது. சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கலை.

அடுத்த நிமிடமே ஆளாளுக்கு ஒரு காரணம் வரும். பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, “எல்லாம் இந்த புது பெட்ரோலால வர்றதுதான் தம்பி, எத்தனால் கலக்கிறான்ல” என்பார். வாட்ஸ்அப்பைத் திறந்தால் அங்கும் அதே பேச்சு. 2025 ஆகஸ்ட் முதல் நாடு முழுக்க கார் வைத்திருப்பவர்களின் பெரிய சந்தேகம் இதுதான்: இ20 பெட்ரோல் என் வண்டியைக் கெடுக்கிறதா?

கேள்வி நியாயமானது. ஆனால் காலையில் கார் ஸ்டார்ட் ஆகாததற்கும் இ20-க்கும் உள்ள தொடர்பு, பலர் நினைக்கும் இடத்தில் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மெக்கானிக் ஷெட்டில் தேவையில்லாத செலவும் மிச்சம். இ20 பற்றி அரசிடம் கேட்க வேண்டிய சரியான கேள்வியும் கிடைக்கும்.

சுருக்கமா சொன்னா...

- ‘டிக் டிக்’ சத்தமும், இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றுவதும் பெரும்பாலும் பேட்டரி பிரச்சினை. பெட்ரோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
- இ20-யால் மைலேஜ் குறையும் என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்பதையும்தான்.
- பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் வண்டி நிற்கும். எத்தனால் இருக்கும்போது அது கூடுதல் சிக்கல்.
- டீசல் கார் என்றால் இ20 பேச்சே உங்களுக்கு இல்லை. எத்தனால் கலப்பது பெட்ரோலில் மட்டும்தான்.

சாவியைத் திருப்பினா உள்ளே என்ன நடக்குது?

பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆக மூன்று விஷயம் நடக்க வேண்டும். முதலில், பேட்டரியிலிருந்து கரன்ட் போய் செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்ற வேண்டும். இரண்டாவது, பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் உள்ளே வர வேண்டும். மூன்றாவது, ஸ்பார்க் பிளக் சரியான நேரத்தில் தீப்பொறி தர வேண்டும்.

இந்த வரிசை முக்கியம். இன்ஜின் சுற்றவே இல்லை என்றால் பெட்ரோல் இன்னும் கதைக்குள்ளேயே வரவில்லை. டேங்கில் இருப்பது இ20-யா, சுத்தமான பெட்ரோலா என்பது அந்த நிலையில் காருக்குத் தெரியாது. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் தீப்பிடிக்கவில்லை என்றால்தான் பெட்ரோல் மீது சந்தேகமே வர வேண்டும்.

காது கொடுத்துக் கேளுங்க

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தத்தை வைத்தே பாதிப் பிரச்சினையைக் கண்டுபிடித்துவிடலாம்.

1. சத்தமே இல்லை, டேஷ்போர்டிலும் லைட் இல்லை: பேட்டரி முழுக்கக் காலி. இல்லையென்றால் டெர்மினல் கழன்றிருக்கிறது, அல்லது பூத்துப்போயிருக்கிறது. பானெட்டைத் திறந்தால் பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருப்பது தெரியும்.

2. வேகமாக ‘டிக் டிக் டிக்’: செல்ஃப் வேலை செய்யப் பார்க்கிறது, பேட்டரியில் தெம்பு இல்லை.

3. ஒரே ஒரு ‘டக்’, ஹெட்லைட் மங்கவே இல்லை: பேட்டரி நன்றாக இருக்கிறது. செல்ஃப் மோட்டாரிலோ அதன் சுவிட்சிலோ கோளாறு இருக்கலாம்.

4. இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுது: இதுவும் பெரும்பாலும் பேட்டரிதான். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கினால் சந்தேகமே வேண்டாம்.

5. நல்லா சுத்துது, ஆனா பிடிக்கலை: இப்போதுதான் பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் பக்கம் போக வேண்டும். சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்ததும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஓரிரு விநாடி ‘ம்ம்ம்’ என்று சத்தம் வரும். அது ஃப்யூயல் பம்ப். அந்தச் சத்தம் வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் சாவி படம் போட்ட லைட் மின்னிக்கொண்டே இருந்தால், கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம்.

6. பட்டன் ஸ்டார்ட் காரில் எதுவுமே நடக்கலை: பிரேக்கை, மேனுவல் கார் என்றால் கிளட்ச்சையும், முழுக்க மிதித்திருக்கிறீர்களா? ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ‘பி’-யில் இருக்கிறதா? ரிமோட் சாவியின் குட்டி பேட்டரி தீர்ந்திருந்தால், பல கார்களில் அந்தச் சாவியையே ஸ்டார்ட் பட்டனை ஒட்டிவைத்து அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும்.

எந்த வகையாக இருந்தாலும் சாவியை விடாமல் திருப்பிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒரு தடவைக்கு 5 முதல் 10 விநாடி போதும். பிறகு ஒரு நிமிடம் விட்டுத்தான் அடுத்த முயற்சி. இல்லையென்றால் இருக்கிற கொஞ்சம் சார்ஜும் தீரும், செல்ஃப் மோட்டாரும் சூடாகும்.

ஊர்ல நிக்கிற காருக்கு ஏன் பேட்டரி போகுது?

ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, சாலையில் பழுதாகி நிற்கும் வண்டிகளைப் பற்றி ஆண்டுதோறும் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. சமீப ஆண்டுகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பழுதுகளுக்குக் காரணம் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அங்கே குளிர் பேட்டரியைச் சோதிக்கிறது, இங்கே வெயில். பானெட்டுக்குள் தேங்கும் சூடு பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும். மூன்று, நான்கு ஆண்டு ஓடிய பேட்டரி எந்த நாளும் கைவிடலாம்.

சொந்த ஊரில் வாரக்கணக்கில் நிற்கும் காருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கார் அணைந்திருந்தாலும் முழுசாகத் தூங்குவதில்லை. கடிகாரம், திருட்டு அலாரம், ரிமோட் லாக் எல்லாம் சொட்டுச் சொட்டாக கரன்ட் எடுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு சின்ன கணக்கு: அந்தக் கசிவு 40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-அவர் போய்விடும். சின்ன கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. மூன்று வாரத்தில் பாதிக்கும் மேல் காலி. இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டாருக்கு ஒரே நேரத்தில் நூறு ஆம்பியருக்கும் மேல் தேவை. மிச்சம் இருக்கும் சார்ஜ் லைட் எரியப் போதும், இன்ஜினைச் சுற்றப் போதாது. ‘லைட் எரியுதே, பேட்டரி எப்படிப் போயிருக்கும்?’ என்ற வழக்கமான வாதம் தோற்பது இந்த இடத்தில்தான்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். கார் அணைந்து சில மணி நேரம் ஆன பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12 வோல்ட் என்றால் பெரும்பகுதி காலி. வண்டி ஓடும்போது 13.5-க்கு மேல் காட்டவில்லை என்றால் பேட்டரியை மாற்றி மட்டும் பயனில்லை, அதை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும். சில புது மாடல்களில் இந்த அளவு ஏறி இறங்குவது இயல்பு.

கரும்புத் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் எலியையும் மறக்கக் கூடாது. நகராமல் நிற்கும் காரின் பானெட் அதற்கு நல்ல வீடு. ஒரு சென்சார் வயரைக் கடித்துவைத்தால் போதும், இன்ஜின் சுற்றும், பிடிக்காது.

அப்போ இ20 எப்போ வந்தது?

பெட்ரோலில் எத்தனால் கலப்பது புதுசு இல்லை. 2003-லேயே சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கிவிட்டது. ஆனால் பல ஆண்டுகள் அது பெயரளவில்தான் இருந்தது. 2014-ல் நாடு முழுக்க சராசரி கலப்பு 1.53 சதவீதம். 2022 ஜூனில் அது 10 சதவீதத்தைத் தொட்டது.

20 சதவீதத்தை எட்ட முதலில் குறித்திருந்த ஆண்டு 2030. 2022-ல் உயிரி எரிபொருள் கொள்கையைத் திருத்தி, அதை 2025-26-க்கு முன்னே இழுத்தது மத்திய அரசு. 2023 பிப்ரவரி 6-ம் தேதி பெங்களூருவில் நடந்த இந்திய எரிசக்தி வார விழாவில் பிரதமர் மோடி இ20 விற்பனையைத் தொடங்கிவைத்தார். அன்று 11 மாநில, யூனியன் பிரதேசங்களில் வெறும் 84 பங்க். 2025-ல் இலக்கை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது.

கலப்பு ஓடிய வேகத்துக்கு வண்டிகள் ஓடவில்லை. இ20-யைத் தாங்கும் பாகங்களோடு புது வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலுக்குப் பிறகு. இ20-க்கென்றே இன்ஜினை டியூன் செய்யத் தொடங்கியது 2025 ஏப்ரலில். அதற்கு முன் வாங்கிய கோடிக்கணக்கான கார்களும் பைக்குகளும் அதே பங்க்கில், அதே பெட்ரோலைத்தான் நிரப்புகின்றன. கோபம் தொடங்கிய இடம் இது.

மைலேஜ் குறையுதுன்னு சொல்றது உண்மையா?

உண்மை. அளவில்தான் வாக்குவாதம்.

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கலந்தால், லிட்டருக்குக் கிடைக்கும் மொத்த சக்தி 6 முதல் 7 சதவீதம் குறையும். எத்தனாலின் ஆக்டேன் அதிகம் என்பதால், அதற்கேற்ப டியூன் செய்த இன்ஜின் இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டுவிடும். பழைய இன்ஜினால் அது முடியாது.

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று மதிப்பிட்டது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கத்தில், இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் என்று சொல்லப்பட்டது. லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்த பழைய கார் 15 கொடுத்தால் அது இந்தக் கணக்குக்குள் வரும். 16 கொடுத்தது 12-க்கு இறங்கினால் வேறு கோளாறும் இருக்கிறது. டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

இ20-யால கார் ஸ்டார்ட் ஆகாம போகுமா?

நேரடியாக, ஒரே நாளில் என்றால், இல்லை. மறைமுகமாக, பழைய வண்டியில், காலப்போக்கில் என்றால், வாய்ப்பு இருக்கிறது. மூன்று வழிகள் உண்டு.

ரப்பர்: பழைய வண்டிகளின் ஃப்யூயல் ஹோஸ், கேஸ்கெட், சீல் போன்றவற்றில் இருக்கும் சில வகை ரப்பரை எத்தனால் நாளடைவில் ஊத வைக்கும், வெடிக்க வைக்கும். குறிப்பிட்ட சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்றச் சொல்லலாம் என்றும், செலவு அதிகமில்லை, சர்வீஸின்போதே செய்துவிடலாம் என்றும் அமைச்சகமே கூறியிருக்கிறது. ஹோஸில் கசிவு இருந்தால் பிரஷர் இறங்கி, காலையில் பிடிக்க நேரமாகும். பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். அது தீ விபத்தில் போய் முடியலாம்.

அழுக்கு: எத்தனால் நல்ல கரைப்பான். பழைய டேங்கின் அடியில் ஆண்டுக்கணக்கில் படிந்த பிசினைக் கிளப்பிவிடும். அது ஃபில்டரில் போய் அடைக்கும். இன்ஜின் சுற்றும், பெட்ரோல் போதாமல் திணறும்.

கார்புரேட்டர்: எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைவான காற்று போதும். ஊசி முறையில் பெட்ரோல் தெளிக்கும் இன்றைய கார்களில், புகையை முகர்ந்து பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து அளவைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் காலத்து காருக்கும் பைக்குக்கும் அந்த மூளை இல்லை. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போய், குளிர்ந்த இன்ஜின் பிடிக்கச் சிரமப்படும்.

‘பிரேசில்ல எல்லாம் எத்தனால்தானே ஓடுது?’ என்ற கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. அங்கே 1975-ல் தொடங்கிய திட்டம் இது. 2025 ஆகஸ்ட் முதல் பெட்ரோலில் 30 சதவீதம் எத்தனால். முழு எத்தனாலிலும் ஓடும் ‘ஃப்ளெக்ஸ்’ கார்கள் 2003-லிருந்தே இருக்கின்றன. ஆனால் குளிரில் எத்தனால் எளிதில் ஆவியாகாது. அதனால் சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆகச் சிரமம். அதற்காகவே பானெட்டுக்குள் ஒரு குட்டி பெட்ரோல் டேங்க் வைத்தார்கள். ஸ்டார்ட் ஆகும் சில விநாடிக்கு மட்டும் அதிலிருந்து பெட்ரோல் போகும். எரிபொருளுக்கு ஏற்ப காரை அங்கே மாற்றினார்கள்.

அதற்காக கல்வராயன் மலையின் மார்கழிக் குளிரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இ20-யில் 80 சதவீதம் பெட்ரோல்தான். ஸ்டார்ட் ஆகத் தேவையான ஆவியை அது கொடுத்துவிடும்.

உண்மையான வில்லன் தண்ணீர்

2025 ஜூன் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாமில் நடந்தது நினைவிருக்கலாம். முதல்வர் மோகன் யாதவின் நிகழ்ச்சிக்காகத் தயாரான 19 வாகனங்கள், ஒரே பங்க்கில் டீசல் போட்ட கொஞ்ச நேரத்தில் அடுத்தடுத்து நின்றுபோயின. ஓரமாகத் தள்ளி நிறுத்தி, டேங்கைக் கழற்றிப் பார்த்தபோது டீசலோடு தண்ணீர். பங்க்குக்கு சீல் வைத்தார்கள்.

அது டீசல். இ20-க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் மழைக்காலத்தில் பங்க்கின் நிலத்தடி டேங்குக்குள் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

பெட்ரோலில் எத்தனால் இருந்தால் கதை கொஞ்சம் மாறும். வெறும் பெட்ரோலில் தண்ணீர் கலக்காது, அடியில் தனியாகத் தங்கும். எத்தனாலோ தண்ணீரை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் பிரச்சினையில்லை, அது இன்ஜினில் ஆவியாகிப் போய்விடும். ஓர் எல்லையைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். ஃப்யூயல் பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கார் உடனே நிற்கும்.

10 சதவீதக் கலப்பில் அந்த எல்லை சுமார் அரை சதவீதம். அதாவது 35 லிட்டர் டேங்குக்கு ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர். இ20 அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மூடிய நவீன டேங்குக்குள் காற்றின் ஈரம் மட்டும் அந்த அளவுக்குச் சேர மாதக்கணக்கில் ஆகும். மூன்று வாரம் நின்ற காருக்கு இந்த பயம் வேண்டாம். பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டரிலேயே வண்டி குலுங்கி நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்படி நடந்தால் மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். டேங்கைக் காலி செய்யும்போது ஒரு கண்ணாடி பாட்டிலில் மாதிரி எடுத்து வையுங்கள், இரண்டு அடுக்காகப் பிரிவது கண்ணுக்கே தெரியும். பங்க்கில் அடர்த்தி சோதனை, ஃபில்டர் பேப்பர் சோதனை, 5 லிட்டர் அளவு சோதனை மூன்றையும் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. தீர்வு கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அப்போ மக்கள் கோபம் தப்பா?

தப்பில்லை. ஸ்டார்ட் ஆகாத ஒவ்வொரு காருக்கும் இ20-யைக் குற்றம் சொல்வது பிழை. அதற்காக இ20 பற்றிய புகார் எல்லாமே வதந்தி என்று ஒதுக்குவதும் பிழைதான்.

அரசின் வாதம் வலுவானது. 2014-15 முதல் 2025 ஜூலை வரை 1.44 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்கிறது பெட்ரோலிய அமைச்சகம். எத்தனாலுக்குக் கொடுக்கும் பணம் நம் விவசாயிக்குப் போகிறது என்பதும் அதன் வாதம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, வடக்கனந்தலை அடுத்த கச்சிராயபாளையத்தில் ஒன்று என இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இங்கே இருக்கின்றன. கரும்போடு மக்காச்சோளமும் விளையும் பூமி இது. இன்று நாட்டின் எத்தனாலுக்கு அதிகம் போவது கரும்பைவிட மக்காச்சோளம். காட்டில் கரும்போ சோளமோ போட்டவரும், வாசலில் பழைய கார் வைத்திருப்பவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஒரு கையில் வர வேண்டிய லாபம், இன்னொரு கையில் போகும் மைலேஜ்.

அந்த மைலேஜ் இழப்புக்கு ஈடாக விலையாவது குறைந்ததா? இல்லை. எத்தனாலின் சராசரி கொள்முதல் விலை, போக்குவரத்தும் ஜிஎஸ்டியும் சேர்த்து, 2025 ஜூலை இறுதியில் லிட்டருக்கு 71.32 ரூபாய் என்றும், அது சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம் என்றும் அமைச்சகம் விளக்கியது. அதனால் இ20-யைக் குறைந்த விலைக்கு விற்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு.

எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும், பங்க்கில் எவ்வளவு கலப்பு என்று எழுதிவைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கரும்பு விவசாயிகளுக்குப் பலன் தரும் திட்டம் என்று மத்திய அரசு அங்கே வாதிட்டது.

பிரிட்டன் 2021 செப்டம்பரில் வெறும் 10 சதவீதத்துக்கு மாறியபோது என்ன செய்தது தெரியுமா? பழைய கார்களுக்காக 5 சதவீதப் பெட்ரோலை ‘சூப்பர்’ ரகத்தில் விட்டுவைத்தது. உங்கள் கார் மாடல் தாங்குமா என்று பார்க்க அரசே ஒரு இணையப் பக்கம் திறந்தது. ஐரோப்பாவில் பம்பிலும் டேங்க் மூடியிலும் ஒரே மாதிரி ஸ்டிக்கர். இங்கே 2015 மாடல் கார் வைத்திருப்பவர் தன் வண்டிக்கு எந்த ரப்பரை எப்போது மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ள, உரிமையாளர் கையேட்டையும் சர்வீஸ் சென்டரையும்தான் நம்ப வேண்டும்.

எத்தனால் நல்லதா கெட்டதா என்பதைவிட, வண்டி வைத்திருப்பவருக்குத் தகவலும் தேர்வும் கிடைத்ததா என்பதே முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் வராத வரை, பேட்டரி இறங்கினாலும் பழி இ20 மேலேதான் விழும்.

சரி, இப்போ கார் ஸ்டார்ட் ஆகணும். என்ன செய்ய?

டெர்மினல்: முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்ற வரிசையில் கழற்றுங்கள். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்து, மறுபடி இறுக்கமாக மாட்டுங்கள். பல நேரம் இதுவே போதும்.

ஜம்பர் கேபிள்: சிவப்பு வயரை உங்கள் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை உதவிக்கு வந்த காரின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பு வயரை அந்தக் காரின் மைனஸில் மாட்டி, மறுமுனையை உங்கள் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியின் மைனஸில் வேண்டாம். அங்கே தீப்பொறி பறந்தால் ஆபத்து. அந்தக் காரை ஓடவிட்டு, சில நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றுவது தலைகீழ் வரிசையில்.

தள்ளி ஸ்டார்ட்: மேனுவல் காருக்கு மட்டும். சாவி ‘ஆன்’, இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்தபடி வேகம் வந்ததும் விட வேண்டும். சமதளத்தில் மட்டும் செய்யுங்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகிவிடும். வெள்ளிமலை ரோட்டின் இறக்கத்தில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யும் சாகசம் வேண்டவே வேண்டாம்.

ஸ்டார்ட் ஆன பிறகு: உடனே அணைக்காதீர்கள். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். மலைக்குக் கிளம்பும் முன் கள்ளக்குறிச்சியிலோ கச்சிராயபாளையத்திலோ பேட்டரியைச் சோதித்துவிடுவது நல்லது. நடுமலையில் அணைத்துவிட்டால் மறுபடி தள்ள ஆள் தேட வேண்டும்.

சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் நின்றால்: தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. சாதாரண வாகனக் காப்பீடு இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. சாலையோர உதவி என்ற கூடுதல் திட்டம் எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியில் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற கார்: சாவியையே தொடாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு முறை சுற்றினாலே கனெக்டிங் ராடு வளையலாம்.

அடுத்த லீவுக்கு முன்னாடி...

ஊரில் காரை விட்டுவிட்டு வருபவர்களுக்கு மூன்று வேலை. வாரத்துக்கு ஒருமுறை 20, 30 நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள், நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறும வைப்பதால் பயனில்லை. ஓட்ட ஆளில்லை என்றால் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவையுங்கள். உங்கள் டேங்க் மூடியின் உள்பக்கம் இ20 ஸ்டிக்கர் இல்லையென்றால், அடுத்த சர்வீஸில் ஃப்யூயல் ஹோஸையும் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லி, அதை ஜாப் கார்டில் எழுத வையுங்கள். நாளைக்கு யார் மேல் தப்பு என்ற பேச்சு வந்தால், கையில் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

இதற்கப்புறமும் ஒரு காலையில் ‘டிக் டிக்’ கேட்டால், பக்கத்து வீட்டு அண்ணன் எத்தனாலைப் பற்றிச் சொல்லட்டும். நீங்கள் முதலில் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள்.